வெள்ளையணு வைத்தியம் - நம்புவதா? சோதிப்பதா?

தீராத வியாதி என்று ஒன்று வந்துவிட்டால் நம் மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதை நாம் விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் மறைக்கிறார்கள், பிறகு மந்திரிக்கிறார்கள், அதன்பின் கோவிலுக்கு நேர்ந்து கொள்ளுகிறார்கள், கையிலிருந்த காசும் உடம்பிலிருந்த சத்தும் ஒருங்கே போனபிறகு கடைசியாக ஆஸ்பத்திரி வாசற்படி ஏறுகிறார்கள். "இன்னும் சீக்கிரம் வந்திருக்கக் கூடாதா?" என்று டாக்டர் கேட்டால், "எல்லாம் தலைவிதி" என்று பதில் சொல்லுகிறார்கள். இது பழைய கதை. இப்போது நாம் எழுத வந்தது ஒரு புதுக்கதையைப் பற்றியாகும்.

அதாவது, விபூதியும் வேப்பிலையும் பிடித்திருந்த இடத்தை இப்போது வெள்ளைச் சட்டையும் ஊசிமருந்தும் பிடித்துக்கொண்டு, "செல் தெரபி" என்னும் ஒரு புதுப் பெயரால் எந்த வியாதியையும் ஒழித்துவிடுவதாகச் சொல்லிக் கொண்டு சிலர் கிளம்பியிருக்கிறார்கள். உன் இரத்தத்தை எடுத்து, அதிலுள்ள அணுக்களைப் பெருக்கி, மறுபடி உன் உடம்பிலேயே ஏற்றினால் ஈரலில் குடியிருக்கும் காமாலைக் கிருமி ஓடிவிடும் என்றும், எயிட்ஸ் கிருமிகூட அழிந்துவிடும் என்றும் சொன்னால், படிக்காதவர்கள் மாத்திரமல்லாமல் பி.ஏ., எம்.ஏ., படித்தவர்களும் வாயைப் பிளந்து கொண்டு பணத்தைக் கட்டத் தயாராயிருக்கிறார்கள். மந்திரவாதியிடம் ஏமாந்தவனைப் பார்த்துச் சிரிக்கும் நாகரிகக்காரர், இதில் ஏமாறுவது மூடநம்பிக்கையாகாது என்று எண்ணிக்கொள்ளுகிறார். நாமோ இரண்டும் ஒன்றே என்கிறோம்.

அப்படியானால் இந்த வெள்ளையணு வைத்தியம் என்பது முழுப் புரட்டுத்தானா என்று கேட்கலாம். இல்லை என்பதுதான் இதிலுள்ள சங்கடம். நல்ல நாணயம் இருப்பதால்தான் கள்ள நாணயம் செல்லுபடியாகிறது. ஆகவே நல்ல நாணயம் எது, அது எவ்வளவு பெறும் என்பதை முதலில் தெரிந்து கொள்ள வேண்டும்.

ஜலதோஷக் கிருமி வருகிறது, ஒரு வாரம் படுத்துகிறது, போய்விடுகிறது. ஆனால் சில வைரஸ்கள் வந்தால் போவதில்லை. எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்பது 1964ல் லண்டனில் கண்டுபிடிக்கப்பட்டது. உலகத்தில் வயது வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அதைச் சுமந்து கொண்டுதான் நடமாடுகிறார்கள். சைட்டோமெகலோ வைரஸும் அப்படியே ஆயுள் முழுதும் உடம்பில் தங்குவதாகும். இவை நம்மைக் கொல்லாமலிருப்பது நாம் செய்த புண்ணியத்தாலல்ல. இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களில் டி அணுக்கள் என்னும் ஒருவகை, இரவு பகலாகக் காவல் இருப்பதால்தான்.

இந்த டி அணு, கிருமி புகுந்த செல்லை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது என்பதை ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரில் டோஹெர்ட்டி, ஜிங்கர்நாகல் என்ற இரண்டு பேர் 1973ல் எலிகளை வைத்துக் கண்டுபிடித்தார்கள். கிருமியின் துண்டும், அந்த உடம்பின் சொந்தத் திசு அடையாளமும் சேர்ந்து தெரிந்தால்தான் டி அணு அந்தச் செல்லைத் தாக்கும் என்பதே அது. 1996ல் அவர்களுக்கு நோபெல் பரிசு கொடுக்கப்பட்டது. நாம் கீழே சொல்லப்போகும் வைத்தியத்துக்கெல்லாம் இந்தச் சங்கதியே அஸ்திவாரம்.

நிற்க, அந்தக் காவல் குலைந்தால் என்ன ஆகும்? இரத்தப் புற்றுநோய்க்காக ஒருவனுக்கு எலும்பு மஜ்ஜையை மாற்றும்போது, அவனது பழைய காவலர் எல்லோரையும் மருந்தால் ஒழித்துவிட்டுத்தான் மாற்றுகிறார்கள். புதுக்காவலர் தலையெடுக்கச் சில மாதங்களாகும். அந்தச் சில மாதங்களில் அடங்கிக் கிடந்த வைரஸ் எழுந்து நுரையீரலைத் தின்னும். அல்லது நிணநீர்க் கட்டியாக வளர்ந்து ஆளைக் கொல்லும். புற்றுநோயிலிருந்து பிழைத்தவன் கிருமியால் சாவான்.

இங்கேதான் சில டாக்டர்களுக்கு ஒரு யோசனை தோன்றிற்று. மஜ்ஜை கொடுத்தவனுடைய உடம்பில் அந்த வைரஸோடு போராடிப் பழகிய டி அணுக்கள் இருக்கின்றனவே. அவற்றை எடுத்துப் பெருக்கி நோயாளிக்கு ஏற்றினால் என்ன? தன் ஊர்த் தலையாரி செத்துப்போனால், பக்கத்து ஊர்த் தலையாரியை நாலு நாளைக்கு இரவல் கேட்பதுபோன்ற யோசனைதான் இது. இதற்குச் சாஸ்திர ஆதாரம் எதையும் அவர்கள் தேடவில்லை. சோதித்துப் பார்த்தார்கள்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரில் ரிடெல், கிரீன்பெர்க் என்பவர்களும் அவர்களது கூட்டாளிகளும் சைட்டோமெகலோ வைரஸுக்கு எதிரான அணுக்களைத் தனியே பிரித்து வளர்த்து ஏற்றியதை 1992ல் வெளியிட்டார்கள். 1995ல் 14 பேருக்கு ஏற்றிய கணக்கை வெளியிட்டார்கள். 14 பேரில் ஒருவருக்கும் அந்த வைரஸ் நோய் வரவில்லை. 1994ல் நியூயார்க்கில் வேறொரு கூட்டத்தார், அணுக்களைப் பிரிக்காமல், மஜ்ஜை கொடுத்தவரின் வெள்ளை அணுக்களை அப்படியே 5 பேருக்கு ஏற்றினார்கள். ஐந்து பேருக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸால் வந்த கட்டி கரைந்தது. ஆனால் இரண்டு பேர் மூச்சு முட்டி இறந்தார்கள். இதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், எந்தத் தீர்த்தக்கரையிலாவது, எந்த மந்திரவாதி வீட்டுத் திண்ணையிலாவது "இத்தனை பேர் பிழைத்தார்கள், இத்தனை பேர் செத்தார்கள்" என்று ஒரு கணக்கு எழுதி மாட்டியிருப்பதை நாம் கண்டதுண்டா?

அன்றியும், ரூனி, ஹெஸ்லாப், பிரென்னர் முதலியவர்கள் எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு எதிரான அணுக்களை மாத்திரம் பொறுக்கி வளர்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். பதினைந்து வருஷ அனுபவத்துக்குப் பின் 2010ல் வந்த கணக்கு இது: நோய் வருமுன் காப்பாக 101 பேருக்குக் கொடுத்தார்கள்; ஒருவருக்கும் கட்டி வரவில்லை. கட்டி வந்தபின் 13 பேருக்குக் கொடுத்தார்கள். 11 பேருக்கு முற்றும் குணமாயிற்று.

இதைவிட நமக்கு முக்கியமாகத் தோன்றுவது ஸ்காட்லாந்தில் நடந்த காரியம். எடின்பரோ நகரத்தார், நோயாளிக்கு உறவில்லாத, முகம் தெரியாத இரத்ததானக்காரர்களின் அணுக்களை வளர்த்து, உறையவைத்து, ஒரு களஞ்சியம்போல் சேர்த்து வைத்தார்கள். வேறு வைத்தியம் பலிக்காத 33 பேருக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்ததில் பாதிப்பேருக்குப் பலன் இருந்தது. 2007ல் இது வெளியாயிற்று. இதே வழியில் வந்த ஒரு மருந்துக்கு 2022 டிசம்பரில் ஐரோப்பிய யூனியன் அனுமதி கொடுத்தது. அந்நியர் கொடுத்த டி அணுவை மருந்தாக ஒரு சர்க்கார் ஒப்புக்கொண்டது உலகத்தில் அதுவே முதல் தடவையாகும்.

இதிலே தேடப்படும் பொருத்தம் எது என்று கவனியுங்கள்! ஜாதகப் பொருத்தமல்ல, கோத்திரப் பொருத்தமல்ல. திசு அடையாளப் பொருத்தம் ஒன்றே. ஒரு தாய் வயிற்றில் பிறந்த இருவருக்குள் அது முழுவதும் பொருந்துவது நான்கில் ஒரு பங்குதான். உடன்பிறந்தவனிடம் இல்லாத பொருத்தம் முன்பின் அறியாதவனிடம் இருக்கலாம். எவனைத் தொட்டால் தீட்டு என்று ஒருவன் ஒதுங்கிப் போகிறானோ, அவனுடைய அணுவே நாளைக்கு இவனுடைய நுரையீரலைக் காப்பாற்றக்கூடும். அப்போது அந்த அணு, "நீ என் தெருவுக்கு வந்தவனா?" என்று கேட்கப் போவதில்லை.

சரி, நல்ல நாணயத்தின் பெருமையைச் சொன்னோம். இனி அதன் எல்லையையும் சொல்ல வேண்டாமா? மேலே சொன்னதெல்லாம் காவலர் இல்லாமற்போன உடம்புக்குக் காவலர் கொடுத்த கதை. ஆனால் நம்மிடையே லக்ஷக்கணக்கான மக்களை அரித்துக் கொண்டிருக்கும் ஹெபடைட்டிஸ் பி என்னும் காமாலைக் கிருமியின் கதை வேறு. உலகத்தில் 25 கோடியே 40 லக்ஷம் பேர் இதை நெடுங்காலமாகச் சுமந்து கொண்டிருப்பதாகவும், ஒரே வருஷத்தில் 11 லக்ஷம் பேர் இதனால் இறந்ததாகவும் உலக சுகாதார ஸ்தாபனம் 2022ஆம் வருஷத்துக்குக் கணக்குச் சொல்லுகிறது. அதில் இந்தியாவின் பங்கு ஏறக்குறைய 3 கோடிப் பேர். பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றினால் நூற்றில் தொண்ணூறு குழந்தைகளுக்கு அது நிலைத்துவிடும். வயது வந்தவனுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்குக்கூட நிலைக்காது.

இந்த நோயாளியின் உடம்பில் காவலர் இல்லாமலில்லை, இருக்கிறார்கள், ஆனால் ஓய்ந்துபோயிருக்கிறார்கள். வருஷக்கணக்கில் கிருமியோடு ஓயாமல் மல்லுக்கட்டிய டி அணு, ஆளாக நின்றும் வேலை செய்யாத நிலைக்கு வந்துவிடுகிறது என்பதை, இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்யும் ரஃபி அகமதும் அவரது கூட்டாளிகளும் 1998ல் எலிகளில் காட்டினார்கள். ஆகவே ஓய்ந்த காவலனை எடுத்து எண்ணிக்கையில் பெருக்கி மறுபடி விட்டால், ஓய்ந்த காவலர் கூட்டம் பெருகுமேயொழியக் காவல் பெருகுமா? "உன் அணுவையே பெருக்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

அதுமட்டுமல்ல, இந்த வைரஸ் ஈரல் செல்லின் உட்கருவுக்குள்ளேயே தன் பிரதியை ஒரு வளையமாகப் பதுக்கி வைத்திருக்கிறது. அதை ஒழிக்கப் புறப்பட்ட டி அணு, கிருமி புகுந்த ஈரல் செல்களையெல்லாம் ஒரே வீச்சில் கொன்றால், கிருமியோடு ஈரலும் போகும். ஈரலோடு ஆளும் போவான். இதனால்தான் சிங்கப்பூரில் பெர்டோலெட்டி என்பவரும் அவரது கூட்டத்தாரும், சில நாளில் சக்தி மறைந்துபோகும்படியாகத் திருத்திய டி அணுக்களைத்தான், அதுவும் இந்தக் கிருமியால் ஈரல் புற்று வந்த சிலருக்குத்தான், படிப்படியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஹாங்காங்கில் இந்தக் கிருமிக்கு எதிர்ப்புப் பெற்றிருந்தவரின் மஜ்ஜையை ஏற்றியதால் சில நோயாளிகளின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று 1997ல் எழுதினார்கள். இவை நம்பிக்கைக்கு இடமுள்ள ஆராய்ச்சிகள். கடையில் விற்கும் வைத்தியமல்ல.

எயிட்ஸ் விஷயமும் அப்படியே. 1998 முதல் 2005 வரை அமெரிக்காவில் 43 பேருக்குத் திருத்திய டி அணுக்களை ஏற்றினார்கள். அந்த அணுக்கள் பத்து வருஷத்துக்கு மேலும் உடம்பில் உயிரோடிருந்தன, தீங்கு செய்யவில்லை, ஆனால் கிருமியை ஒழிக்கவுமில்லை. பெர்லினில் டிமதி ரே பிரௌன் என்பவர் 2007ல் செய்த மஜ்ஜை மாற்றத்தால் அந்தக் கிருமியிலிருந்து விடுபட்டார் என்பது உண்மை. ஆனால் அது இரத்தப் புற்றுக்காகச் செய்த மாற்றம். மஜ்ஜை கொடுத்தவர் அந்தக் கிருமி நுழையும் வாசலே பிறவியில் இல்லாதவர். அவருக்குப்பின் இவ்விதம் குணமானவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உயிருக்கே ஆபத்தான அந்தச் சிகிச்சையை, தினம் ஒரு மாத்திரையால் நன்றாக வாழக்கூடியவனுக்குச் செய்ய எந்த யோக்கியமான டாக்டரும் முன்வரமாட்டார்.

ஆறு வைரஸ்களை ஒரே மருந்தால் அடக்குவதாக எதிர்பார்க்கப்பட்ட போசோலூசெல் என்னும் டி அணு மருந்தும் உண்டு. ஆரம்பச் சோதனைகளில் அது நன்றாகவே தோன்றிற்று. பெரிய சோதனையில், மருந்து பெற்றவர்களுக்கும் வெறும் நீர் பெற்றவர்களுக்கும் போதிய வித்தியாசம் தெரியப் போவதில்லை என்று கண்டவுடன், 2023 டிசம்பரில் மூன்று சோதனைகளையும் நிறுத்திவிட்டார்கள்.

"பார்த்தீர்களா, உங்கள் விஞ்ஞானமும் தோற்றுப் போகிறதே!" என்று வைதீகர் இங்கே குதிப்பார். ஆம், தோற்கிறது. தோற்றது என்று தானே சொல்லிக்கொள்ளுகிறது. தோற்றதை ஒப்புக்கொள்ளும் வழி ஒன்று இருப்பதால்தான் வென்றதை நாம் நம்பமுடிகிறது. தோல்வியே இல்லாத வைத்தியம் என்று ஒருவன் சொல்வானானால், அவன் கணக்கே எழுதுவதில்லை என்று அர்த்தம். பலித்தால் சாமி செயல், பலிக்காவிட்டால் உன் கர்மம் என்பவனுக்குத் தோல்வி ஏது?

இது அந்நியர் சங்கதி மாத்திரமல்ல. நம்மூர்க் கீழாநெல்லியையே எடுத்துக் கொள்வோம். மஞ்சட்காமாலைக்கு அதை அரைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் வழிவழி வந்த வைத்தியம். சென்னையில் தியாகராஜனும் அவரது கூட்டாளிகளும், ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபெல் பரிசு பெற்ற புளும்பெர்க்குடன் சேர்ந்து, அதைச் சோதித்து 1988ல் முடிவை வெளியிட்டார்கள். கீழாநெல்லி பெற்ற 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு தாய்லாந்து முதலிய இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் மண்ணில் முளைத்தது, நம் பாட்டி கொடுத்தது, நம்மவர் சோதித்தது என்பதற்காக, தேறாததைத் தேறிவிட்டது என்று நாம் சொல்லலாமா? கூடாது. சென்னையில் அதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தது எவ்வளவு பகுத்தறிவோ, மறுசோதனையில் தேறவில்லை என்பதை ஒப்புக்கொள்வதும் அவ்வளவு பகுத்தறிவே. கீழாநெல்லிக்கு வைத்த பரீக்ஷையைச் செல் தெரபிக்கும் வைக்க வேண்டும் என்பதுதான் நாம் சொல்வது.

இதில் வீண் வாதம் எங்கேயிருக்கிறது? உயிர்தான் இருக்கிறது. ஹெபடைட்டிஸ் பிக்கு இன்று கிருமியை அடக்கி வைக்கும் மாத்திரை இருக்கிறது. புதுவைத்தியத்தை நம்பி அதை ஒருவன் தானாக நிறுத்தினால், அடங்கிக் கிடந்த கிருமி சீறிக் கிளம்பி ஈரலையே செயலற்றதாக்கிவிடக்கூடும். நிலத்தை விற்றுக் கொடுத்த பணமும் போய், இருந்த ஈரலும் போனால், அந்தப் பழியை யார் ஏற்பது? 2017லேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சோதனையில் தேறாத ஸ்டெம் செல் வைத்தியத்தைக் காசுக்குச் செய்வது கூடாது என்று விதி எழுதியிருக்கிறது. விதி எழுதினால் போதுமா? அதை மீறுகிறவர்களைக் கேட்க ஆள் வேண்டாமா?

மற்றொரு புறம், நிஜமாகவே தேறிய வைத்தியம் யாருக்குக் கிடைக்கிறது என்பதும் கேட்கத்தக்கதே. இரத்தப் புற்றுக்கான திருத்திய டி அணு மருந்து அமெரிக்காவில் 2017ல் அனுமதி பெற்றபோது அதன் விலை 4,75,000 டாலர். பம்பாயில் ஐ.ஐ.டி.யாரும் டாட்டா ஆஸ்பத்திரியாரும் சேர்ந்து உண்டாக்கிய அதேவகை மருந்து 2023 அக்டோபரில் அனுமதி பெற்று, அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு விலைக்கு வந்தது. இது பாராட்டத்தக்கதே. ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்கும் ஒரு கூலிக்காரனின் பல வருஷச் சம்பாத்தியத்துக்கு மேலல்லவா? முகமறியாத ஒருவன் இலவசமாகக் கொடுத்த இரத்தத்திலிருந்து பிறக்கும் மருந்து, பணக்காரனுக்கு மாத்திரம் என்று ஆவது எந்த நியாயம்? எடின்பரோவில் இரத்ததானக்காரர்களைக் கொண்டு உண்டாக்கியது போன்ற அணுக்களஞ்சியத்தை நம் சர்க்கார் ஆஸ்பத்திரிகளும் ஏன் உண்டாக்கக் கூடாது? அதில் எல்லா வகுப்பு மக்களின் அணுவும் இருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஜாதிக்குள்ளேயே மணந்து வந்ததால் திசு அடையாளங்களும் கூட்டத்துக்குக் கூட்டம் வேறுபட்டிருக்கின்றன. சிலருடையது மட்டும் சேர்த்தால் சிலருக்கு மட்டுமே பயன்படும்.

ஆகவே தோழர்களே, முடிவாக நாம் சொல்லுவது இதுதான். வரும் வைத்தியத்துக்காகக் காத்திருக்கும்போது, வந்திருக்கும் வைத்தியத்தை விட்டுவிடாதீர்கள். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டுக் கொள்ளுங்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் அதற்குக் காசில்லை. கர்ப்பிணிகள் இரத்தத்தைப் பரிசோதித்துக் கொள்ளுங்கள். கிருமி இருப்பதாகத் தெரிந்தால் வெட்கப்படாமல் மாத்திரை வாங்கிச் சாப்பிடுங்கள். 2018 முதல் அதற்கென்றே இலவசத் திட்டம் இருக்கிறது. அந்தக் கிருமி ஒன்றாகச் சாப்பிடுவதாலோ, கை கொடுப்பதாலோ தொற்றுவதில்லை. ஆதலால் அதை வைத்து ஒருவனுக்கு வேலை மறுப்பதும் பந்தி மறுப்பதும் இன்னொரு தீண்டாமையே.

எவராவது வெள்ளையணு வைத்தியம் என்று வந்தால் அவரிடம் நாலு கேள்வி கேளுங்கள்: எத்தனை பேருக்குக் கொடுத்தீர்? கொடுக்காத எத்தனை பேரோடு ஒப்பிட்டீர்? எத்தனை பேர் செத்தார்கள்? அதை எங்கே வெளியிட்டீர்? அதிலும் சோதனைக்கு ஆள் சேர்ப்பவர் நோயாளியிடமே சிகிச்சைக்குப் பணம் கேட்டால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பூசாரியிடம் கேட்கப் பயந்த கேள்வியை டாக்டரிடமும் கேட்கப் பயந்தால், நாம் விட்டது சாமியை மாத்திரந்தான். அடிமைப் புத்தியை விடவில்லை என்றே ஆகும்.